எட்டு அடியில் மாறிய சேதி

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து; இறந்துபோன தங்கையின் மகனையும் சேர்த்தால் வளர்த்தது ஆறு. ஆறு பேரும் இன்று தங்கள் காலில் நிற்கிறார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த எழுத்து என் கையெழுத்தோடு சரி. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டாள். புளி ஜாடியிலிருந்து தொடங்கு என்றேன். காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. போன வருடம் வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்கு மூத்த மருமகள் அதன் மேல் போனைச் சாய்த்து வைப்பாள். அந்தப் போனில்தான் ஆலோசகர் அம்மா வருவார்கள்.

குடும்பத்துச் சிக்கலை முகம் பார்த்துப் பேசித் தீர்க்க இப்போது போனிலேயே ஆள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் காட்டியது என் சின்ன மகள். புதுச்சேரியில் இருக்கிறாள். அவள் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து பஸ் ஏறியவள், ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவளைப் போல வாரம் ஒருமுறை போன் போட்டு, "எப்பம்மா வர்றே?" என்று கேட்பேன். "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். ஒருநாள் வைக்கவில்லை. "நான் கொஞ்ச நாளா ஒரு ஆலோசகர்கிட்ட பேசிட்டு வர்றேன். அவங்க நடுவுல இருந்தா உன்கிட்ட பேசுறேன். இல்லன்னா வேணாம்" என்றாள். என் உயிர் இருக்கும்போதே அவள் இந்த வீட்டுக்குள் வரவேண்டும். அதற்காக நான் எதன் முன்னாலும் உட்காருவேன். மூத்தவன் மட்டும் சிரித்தான். "ஊர்ப் பஞ்சாயத்து போயி இப்ப போன் பஞ்சாயத்தா? தோத்துட்டு வந்துடாதம்மா." "போடா, உங்கம்மா எந்த வாய்க்கிடா தோத்திருக்கா?" என்றேன்.

முதல் நாள் நான் செய்த கூத்தை மருமகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். தவறைச் சொல்லவேண்டும் என்றதும் எனக்கு மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம்தான் நினைவுக்கு வந்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, போனுக்கு முகத்தைக் காட்டாமல் காதைக் காட்டி உட்கார்ந்தேன். ஒரே மூச்சில், "பெத்த பொண்ணு மனசு நோவ நடந்துட்டேங்க. அபராதம் என்னன்னு சொல்லிடுங்க, எத்தனை ஜெபமாலை?" என்றேன். ஆலோசகர் அம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். சிரிக்காமல், "அதெல்லாம் இல்லைங்கம்மா. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, உங்க முகத்தைப் பாக்கணும்" என்றார்கள். திரும்பினேன். பக்கத்துச் சிறு கட்டத்தில் என் மகள் இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அந்த நரையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர்கள் வைத்தது ஒரே ஒரு விதி. மகள் பேசி முடித்ததும் நான் பதில் சொல்லக் கூடாது. அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மூன்று வாரம் தோற்றேன். அவள் பேசப் பேச என் நாக்கு நியாயம் தேடிக்கொண்டே இருந்தது. திருப்பிச் சொல்லச் சொன்னால், "அவளுக்கு என் மேல கோவம்" என்பேன். "நான் அப்படிச் சொல்லல" என்பாள். "பெத்தவ என்ன செஞ்சாலும் நல்லதுக்குத்தான்னு..." என்று இழுப்பேன். "அது நீ சொல்றது. நான் சொன்னது எங்க?" மூன்றாவது வாரம் போனை வைக்கும்போது, "நீ எப்பவும் சேதியை மாத்தித்தான் சொல்லுவே" என்றாள்.

அந்தச் சொல் ஏன் அப்படிச் சுட்டது என்றால், சேதி சொல்வதில் என் பேர் அப்படி. இருபது வருடம் நான் காரைக்காலில் ஒரு சொல்தா வீட்டில் சமைத்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள் வீட்டை இங்கே அப்படிச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் போன் இருந்த வீடு அது ஒன்றுதான். பிரான்சிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டு, அவசர அவசரமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதை அவரவர் வீட்டில் சேர்ப்பது என் பொறுப்பு. எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாது. விஷயத்துக்கு ஒன்றாகச் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வேன். போலகம் வரைக்கும் பஸ்ஸில் போய், முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துச் சொல்வேன். "காய்ச்சல் விட்டுட்டுதாம். கம்பளி வாங்கிட்டாராம். அழுவ வேணாம்னு சொல்லச் சொன்னாரு." ஒரு சொல் கூடாது, குறையாது. "அவ வாயில வந்தா எம் புள்ளை வாயில வந்த மாதிரி" என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுண்டு.

நாலாவது வியாழக்கிழமை பருத்திச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டில் முடிச்சு நிற்காது. மகள் பேசத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் மகள் என்பதை மறந்து, எங்கிருந்தோ போன் போட்ட யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். அவள் முடித்தபோது தலைப்பில் நாலு முடிச்சு இருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவள் சொன்னபடியே சொன்னேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், டீச்சர் ட்ரெயினிங் முடிக்கணும், இதை அப்பாகிட்ட சொல்லுன்னு அடுப்படியில வச்சு உன்கிட்ட சொன்னேன். நீ கூடத்துக்குப் போயி, அவளுக்குச் சம்மதம்னு சொன்னே. அப்பா கேட்டுட்டுத்தான் மறுத்துட்டாருன்னு நெனச்சு, பதினேழு வருஷம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. ஏன்னு தெரியாமலே அவர் போயிட்டாரு; அவரோட முப்பதாம் நாள்ல நீ வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கே உண்மை தெரிஞ்சுது. என் வீட்டுக்காரர் நல்லவரா அமைஞ்சது உன் சமத்து இல்ல."

திருப்பிச் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தேன். "ஏதாவது விட்டுப்போச்சா?" என்று ஆலோசகர் அம்மா மகளைக் கேட்டார்கள். "இல்லைங்க. ஒண்ணுமே விடல" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். இப்போது நான் பதில் சொல்லலாம் என்றார்கள். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த நியாயங்களைத் தள்ளி வைத்தேன். "போலகம் வரைக்கும் மாத்தாம கொண்டுபோனவம்மா நான். அடுப்படியிலேருந்து கூடத்துக்கு எட்டு அடி. அந்த எட்டு அடியில மாத்திட்டேன்" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் கேட்டாள்: "இப்பவாவது அப்பாகிட்ட போயிச் சொல்றியா?" "ஞாயித்துக்கிழமை காலையிலேயே போயிச் சொல்றேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கல்லறைக்குப் போனேன். மருமகளை இரும்புக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனேன். தலைப்பில் இரண்டே முடிச்சு. அவர் இருந்தபோது எதிரில் நிற்கும் தூரத்தில் நின்று, கேட்கிற மாதிரி சொன்னேன். "இங்க பாருங்க. உங்க சின்னவளுக்கு அந்தக் கல்யாணம் வேணாமாம். ட்ரெயினிங் முடிக்கணுமாம். அவ சொல்லி இருபத்து மூணு வருஷம் ஆச்சு, நான்தான் சேக்கல." முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பினால், கேட்டருகே மருமகள் பக்கத்தில் கையில் பையோடு சின்னவள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். "கேட்டியா?" என்றேன். "கேட்டுச்சு. அங்க பஸ்ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். சிரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் நடந்தே வீடு வந்தோம். தெருவில் கண்டவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "சின்னவ வந்துருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூத்தவன் வாசலில் நின்றான். "பாத்தியாடா, தோத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பயிற்சியைத் தானாகவே படித்து முடித்திருக்கிறாள். எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த அதையும் அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னாள். ஆலோசகர் அம்மாவை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமோ என்னவோ. ஆனால் நான் சேர்க்கவேண்டிய சேதி இந்த உலகத்தில் இனி ஒன்றும் மிச்சமில்லை. அது அவர்களால் வந்தது.

இன்றும் வியாழக்கிழமைதான், மணி பத்துதான். ஜாடியில் போன் சாய்ந்திருக்கவில்லை. லீவுக்கு வந்த சின்னவள் கொடுவாய் மீன் குழம்புக்குக் கையை உள்ளே விட்டுப் புளி எடுக்கிறாள். எதிரில் நோட்டோடு உட்கார்ந்திருப்பது அவள் மகள்.

எழுதிட்டியா கண்ணு? எங்கே, மொதல்லேருந்து வாசி. உங்கம்மாவுக்கும் கேக்கட்டும். நான் சொன்னதை அப்படியே வாசி. நீயா ஒரு சொல்லும் சேக்காதே.