சகலை போட்ட ஓரம்

கூரை போடுகிற அந்த மனிதரை எல்லோரும் மோப்பம் என்றுதான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டரை முகர்ந்து பார்ப்பார், புதுத் தார் ஷீட் சுருளை முகர்ந்து பார்ப்பார், மனைவி நீட்டுகிற டீயையும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். "விஷமா கலந்து வச்சிருக்கேன்?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. பிறவிக் குணம், என்ன செய்வது?

இருபது வருடம் தனியாக வேலை பார்த்தவரிடம் போன வருடம் மனைவியின் தங்கை புருஷன் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். வேலை செய்த ஆலையை மூடிவிட்டார்கள், வேறு போக்கில்லை. சகலைக்குச் சுத்தமான கை. மோப்பத்துக்கு ஆகாமல் போனதே அதுதான். கூரையில் விரிக்கிற தார் ஷீட்டின் அடியைக் கேஸ் நெருப்பால் உருக்கி உருட்டி ஒட்டும்போது, இரண்டு ஷீட் சேருமிடத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புத் தார் பிதுங்கி வரவேண்டும். வந்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். சகலையோ அது ஆறுவதற்குள் பச்சைக் கல்துகளைத் தூவி, கறுப்பே தெரியாமல் செய்துவிடுவார். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். மோப்பம் மட்டும் குனிந்து முகர்ந்து பார்ப்பார். அழகுக்குத் தூவுகிறானா, பிதுங்காததை மறைக்கத் தூவுகிறானா?

அன்று ஒரு வீட்டுக் கராஜின் தட்டைக் கூரை, மரப்பலகைத் தளம். கிளம்பும்போதே மனைவியிடம் சொன்னார்: "இன்னைக்கு ஒரே ஒரு குறை சிக்கட்டும். நாளையிலேர்ந்து அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு."

"என் தங்கச்சி வீட்ல அடுப்பு எரிய வேணாமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கூரையில் வலது பாதி சகலைக்கு, இடது பாதி அவருக்கு. நெருப்பு வைக்குமுன் ஓரப்பலகை இடுக்கில் கையை விட்டு, சருகு கிருகு இருக்கிறதா என்று துழாவ வேண்டும். மோப்பம் மூன்று முறை துழாவினார். மூன்று முறையும் சகலையின் பாதியில்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கரணை முனையைச் சகலையின் ஒட்டுகளில் நுழைத்துப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. துகளைச் சுரண்டினார், அடியில் தார் ஒழுங்காகப் பிதுங்கியிருந்தது. நியாயமாக நிம்மதி வரவேண்டும், அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"என்னண்ணே, ஏதாவது விட்டுப்போச்சா?"

"சும்மாதான் பாத்தேன்."

நெருப்பை அணைத்தபின் ஒரு மணி நேரம் கூரையிலேயே காவல் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். உள்ளே கங்கு கிடந்தால் அப்போதுதான் தெரியும். காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு, சகலை போட்ட ஓரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். புகை வராமல் எங்கே போய்விடும் என்று காத்திருந்தார். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தார், பாவி மனிதர்.

"அண்ணே, பின்னாடி!"

திரும்பினார். அவர் போட்ட மூலையிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தார் வாடையில் கிடந்த மூக்குக்கு அது தெரியவே இல்லை. சகலை கடப்பாறையால் ஓரப்பலகையை நெம்பினார். உள்ளே ஒரு பழைய குருவிக்கூடு கனிந்துகொண்டிருந்தது. தயாராக வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா ஓடிவந்தாள். "உள்ள கார் நிக்குது! யார் பாத்த வேலை இது?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதாம்மா போட்டோம்" என்றார் சகலை.

மோப்பத்துக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இவன் எதற்கு என்னைக் காப்பாற்றுகிறான்? சகலையின் முகத்தை உற்றுப் பார்த்தார். கரியையும் பயத்தையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதன்பிறகுதான் வெட்கம் வந்தது, காது மடல்வரை சூடாக.

"இல்லீங்கம்மா. அந்தப் பக்கம் நான் போட்டது. கூடு இருக்கான்னு பாக்காம விட்டதும் நான்தான்." சகலையின் கையிலிருந்த கடப்பாறையை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு வந்து பலகைய மாத்தித் தர்றோம். நாங்க ரெண்டு பேருமே வருவோம்."

பிறகு வாளியைத் தூக்கித் தன் மூலையைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு மணி நேரத்துக்கு உட்கார்ந்தார்.