தேவைப்படாது என்று சொன்ன ரத்தம்

புதுக்கோட்டையில் என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் கணித்ததைவிட அதிகமாக ரத்தம் போய்விட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். அவருடையது எளிதில் கிடைக்காத ரத்த வகை. ரத்தம் கொடுக்க ஆவூரிலிருந்து கிளம்பிய என் தம்பி இன்னும் வந்து சேரவில்லை.

வெளியே என் பக்கத்தில் காத்திருந்த பெண்ணின் கணவருக்கும் அதே வகைதான். அவருக்கு மறுநாள் ஆபரேஷன்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் தேவைப்படாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எதுக்கும் இருக்கட்டும்னு எங்களுக்கு எடுத்து வச்சதை நீங்க வாங்கிக்கங்க அக்கா" என்றார் அந்தப் பெண்.

என் கணவர் பிழைத்தார். மறுநாள் ஆபரேஷனில் அந்தப் பெண்ணின் கணவருக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அதற்குள் வந்து சேர்ந்திருந்த என் தம்பி அவருக்குக் கொடுத்த ரத்தமும் போதவில்லை. மாலையில் அவர் இறந்துபோனார்.

காலில் விழப்போன என்னைத் தடுத்து, "நீங்க என்னக்கா செய்வீங்க" என்று அந்தப் பெண்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

இன்றும் என் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டால், என்னால் முழுதாகச் சந்தோஷப்பட முடிவதில்லை.