கேசட்டில் நான் மாற்றிச் சொன்ன முடிவு

எண்பதுகளின் தொடக்கத்தில் குவீன்ஸ்டவுனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அதே மாடியில் நான்கு வீடு தள்ளி என் தோழி. அவள் ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், சண்டையும் போடுவாள். படிக்க மட்டும் தெரியாது. மாதா கோயில் பாட்டைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவாள்.

சிராங்கூன் ரோட்டுத் தமிழ்ப் புத்தகக் கடைகளில் நான் வாங்கிவரும் நாவல்களின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். என் ஷிஃப்டும் அவள் ஆபீஸ் நேரமும் ஒத்துவரவில்லை. "டேப்ல படிச்சுக் குடு, துணி தேய்க்கும்போது கேட்டுக்கிறேன்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். வில்லனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல் என்று வெளுத்துக் கட்டுவேன். பின்னால் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் கரண்டிச் சத்தமும் சேர்ந்து பதிவாகும். தோழி கேட்டுவிட்டு, "இதக் கேளுங்க, அழுதுடுவீங்க" என்று கோயில் தோழிகளிடம் கொடுப்பாள். கேசட் பஸ் ஏறிக் கிளமெண்டி வரை போய்த் திரும்பும். அடுத்து என்ன கதை என்று முன்பின் தெரியாத பெண்களெல்லாம் கேட்டனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ஒரு நாவலில் வில்லங்கம் வந்தது. கதாநாயகி கடைசியில் காதலனை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாக வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து கேசட் முழுக்க அவனுக்கு நான் தேன் ஒழுகக் குரல் கொடுத்திருக்கிறேன், இவள் பாட்டுக்கு விட்டுவிட்டுப் போவதா? கடைசிப் பத்துப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு நானே இருவருக்கும் கல்யாணம் பண்ணி வைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

தோழிக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "கதை அப்பிடி முடியேல்லையே பிள்ளை" என்றிருக்கிறார். இவள் விடவில்லை, மல்லுக்கு நின்றிருக்கிறாள். அடுத்த வாரம் அவர் புத்தகத்தையே கொண்டுவந்து, நீயே வாசித்துப் பார் என்று கையில் கொடுத்துவிட்டார். அத்தனை பேர் நடுவில் இவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் நின்றிருக்கிறாள். யாரோ சிரித்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானமே கேசட்டுகளைப் பையோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். டேப் தீர்ந்துபோனதால் சுருக்கிவிட்டேன் என்று சமாளித்தேன்.

"பொய் சொல்லாத லா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே செஞ்ச."

அது உண்மை. வெட்கமாக இருந்தது.

மறுநாளே சரியான முடிவை ஒரு வரி விடாமல் பதிவு செய்தேன். முன்பு சொன்னது என் கைச்சரக்கு, தவறு முழுக்க என்னுடையது என்று ஆரம்பத்திலேயே என் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டேன். கோயில் பெண்களுக்கும் சேர்த்து மூன்று கேசட் எடுத்து அவள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். அப்படியும் அவள் பேசவில்லை. லிஃப்டில் பக்கத்தில் நின்றால் கதவையே பார்த்துக்கொண்டு வருவாள். நல்ல சிநேகிதியைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான்காவது வாரம் கதவைத் தட்டினாள். கையில் பிரைமரி ஒன் தமிழ்ப் புத்தகம். "உன்ன நம்பி இனிமே கதை கேக்க முடியாது. எழுத்து சொல்லிக் குடு" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் சுள்ளென்று எரிந்து விழுவேன். நல்ல வேளை நீ டீச்சர் வேலைக்குப் போகவில்லை என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். தேக்கா கடைத்தெருவுக்குப் போனால் தமிழ்க் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பாள். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டதே இல்லை.

ஒருநாள் நான்கு கேசட்டுகளை என்னிடம் நீட்டினாள். நான் படித்திராத ஒரு நாவல். அவளே தேடி வாங்கி, அவளே வாசித்துப் பதிவு செய்திருந்தாள். "நல்ல கதை, கேளு" என்றாள்.

லீவு நாளில் உட்கார்ந்து கேட்டேன். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்திருந்தாள். சில வரிகளை இரண்டு தடவை. ஆனால் ஒரு இடத்தையும் தாண்டிப் போகவில்லை. கதை முடிந்ததும் ஒரு இருமல், பிறகு அவள் சொந்தப் பேச்சு: "புத்தகத்துல இருக்கிற முடிவுதான் இது. சந்தேகம்னா வந்து பாத்துக்க." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு என் குரலை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள், ஆனால் இன்றுவரை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தத் தடுக்கித் தடுக்கி வாசித்த குரலைத்தான்.