பூசணிக்காய் மேல் போட்ட பழி

என் அப்பா நகரசபைக்கு ஒன்பது மனுக்கள் எழுதினார். ஒன்பதும் பூசணிக்காயைப் பற்றியவை. ஆயுத பூஜையன்று கடைக்காரர்கள் தெருவில் பூசணிக்காய் உடைப்பதைத் தடை செய்ய வேண்டும் என்றும், அப்படி உடைத்த ஒன்றில் வழுக்கியே தமது இடது கை முறிந்தது என்றும், அதற்குக் கண்ணால் கண்ட சாட்சி உண்டு என்றும் எழுதினார். அந்தச் சாட்சி நான். அப்போது எனக்குப் பத்து வயது. நான் சொன்ன சாட்சி பொய். அப்பா போய் முப்பது வருடங்கள் ஆகின்றன. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இனியும் மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை.

அப்பா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். பொன்மலையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பாவின் அலுவலகத்தில் எல்லோரும் போனார்கள். ஒருவர் கட்டில் வாங்கினார், ஒருவர் இரும்புப் பீரோ வாங்கினார். பீரோ வாங்கிவரச் சொல்லி அம்மா அனுப்பிய அப்பா, ஒரு ரேஸ் சைக்கிளின் ஃபிரேமை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சக்கரம் இல்லை, சீட் இல்லை, பெடல் இல்லை. வெளிறிய பச்சை நிறத்தில் மெலிந்த குழாய்கள் மட்டும். கூடவே பாகம் பாகமாகச் சைக்கிள் பூட்டுவதைப் பற்றி அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம்.

“பீரோ எங்கங்க?” என்றாள் அம்மா.

“இத ஒரு விரல்ல தூக்கிப் பாரேன்” என்றார் அப்பா.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சட்டைக்குள் தொந்தி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

ஃபிரேம் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அம்மா சில நாட்கள் அதைப் பகையோடு பார்த்தாள், பிறகு அதில் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டாள். அப்பா ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்தார். ரிம்கள் பெங்களூரிலிருந்து யாரோ மூலம் வந்தன. ஆட்டுக்கிடாய்க் கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார் மதராஸில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. பெடல்கள் மட்டும் கிடைக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தன. ஆக ஒரு வருடம் போயிற்று.

பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய்தான் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் நண்பர், எதிரி இரண்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வருவார். போக்ஸ் கம்பிகளைப் பூட்டிக் கோட்டம் எடுத்துத் தந்தது அவர்தான். அதற்குமேல் எதையும் தொட அப்பா அவரை விடவில்லை. பெரிய சண்டை பிரேக்கைப் பற்றித்தான் நடந்தது. சாதாரண சைக்கிளில் இருப்பதுபோல் கெட்டியான கம்பி வைத்த பிரேக்கே போதும் என்பது பாயின் கட்சி. அப்பா வைத்திருந்ததோ ஒயர் இழுத்தால் இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சீமைப் பிரேக்.

“சார், இது சைக்கிள் பிரேக் மாதிரியா இருக்கு? துணி காயப்போடுற கிளிப்பு சார் இது.”

“புஸ்தகத்துல தெளிவா போட்டிருக்கான் பாய்.”

“புஸ்தகம் எழுதுனவன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஓட்டிருக்கானா, கேளுங்க.”

அப்பா அதைத் தாமே பூட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒயரை முறுக்குவார், புத்தகத்தைப் பார்ப்பார், அவிழ்ப்பார். கடைசியில் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பிரேக்கை அழுத்தினார். டக்கென்று நின்றது. அன்று அப்பா பாயைப் பார்த்த பார்வையைப் பெரிய அதிகாரிகளிடம்கூட நான் பார்த்ததில்லை.

“கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, பெல்லு இல்ல. இதுல ஏறி எங்கதாங்க போகப் போறீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“எங்கயும் போறதுக்கில்ல. இருபது வருஷமா அடுத்தவன் எழுதினத நகல் எடுத்துக்கிட்டிருக்கேன். நான் பண்ணினது ஒண்ணு ஓடுதான்னு பாக்கணும்” என்றார் அப்பா.

அதற்கு நாளும் குறித்தாயிற்று. விஜயதசமி காலை ஒரு இளைஞர் மன்றம் சைக்கிள் பந்தயம் வைத்திருந்தது. ஸ்ரீரங்கம் கோயிலின் மொட்டைக் கோபுரத்தில் புறப்பட்டு, காவிரிப் பாலம் தாண்டி, முக்கொம்பு அணைவரை போய்த் திரும்ப வேண்டும். அப்பா பெயர் கொடுத்துவிட்டார். பெயர் எழுதிக்கொண்ட பையன், “பையனுக்கா சார்?” என்று கேட்டானாம்.

அந்த ஒரு வருடமும் எனக்கு அந்தச் சைக்கிளைத் தொட அனுமதி இல்லை. செயினைத் தொடாதே, சீட்டில் சாயாதே, ரிம்மில் ஒரு பொட்டு எண்ணெய் படக்கூடாது, தள்ளி நில். அந்த ரிம் விஷயத்தை அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை என்று இப்போது சொன்னால் அது இரண்டாவது பொய்யாகும். ஆனால் ஒரு நாளில் இருபது ‘கூடாது’ கேட்கும் பையனுக்கு எந்தக் கூடாது எதற்கென்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

ஆயுத பூஜையன்று அப்பா அலுவலகத்துப் பூஜைக்குப் போயிருந்தார். அம்மா சுண்டலும் பாயசமுமாக அடுப்படியில் இருந்தாள். “எல்லாத்தயும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வை. பளபளன்னு இருக்கணும்” என்று கிண்ணங்களை என் கையில் கொடுத்துவிட்டாள். அரிவாள்மணை, தையல் மிஷின், சுத்தியல் என்று வரிசையாக முடித்தேன். இரும்பு பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அடுத்தது சைக்கிள்.

தொடலாம் என்று அம்மாவே சொன்ன பிறகு நான் விட்டுவைப்பேனா? ஒரு வருடப் பசி. ஹேண்டில் பாரிலிருந்து தொடங்கினேன். குழாய் குழாயாக, கம்பி கம்பியாகத் தேய்த்தேன். ரிம் இரண்டையும் முகம் தெரியும்வரை எண்ணெய் போட்டு மெருகேற்றினேன். பிரேக்கின் ரப்பர் கட்டை நாலுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்த அப்பா, “அடேயப்பா! மாப்பிள்ளை மாதிரி இருக்கே” என்றார். நான் பூரித்துப்போனேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை கற்பூரம் காட்டும்வரை தொடக்கூடாது. அதனால் அப்பா ஒரு தடவைகூடப் பிரேக்கை அழுத்திப் பார்க்கவில்லை. காலையில் அம்மா கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா அதை நசுக்கிக்கொண்டு வெளியேறினார். டயர் தேய்ந்துவிடும் என்று மொட்டைக் கோபுரம்வரை கோயில் யானையை நடத்துவதுபோல் தள்ளிக்கொண்டே போனார்.

பாய் என்னைத் தம் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு முன்னதாகவே காவிரிப் பாலத்தைத் தாண்டிச் சிந்தாமணி முனையில் வந்து நின்றார். பாலத்திலிருந்து இறக்கமாக வரும் பாதை அங்கேதான் வலப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே வந்தால் ஒரு மளிகைக்கடை. வாசலில் வாழைக்கன்று கட்டி, பூஜைக்கு விற்றதில் மிஞ்சிய பொரி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். முதல் நாள் உடைத்த பூசணிக்காய் அப்படியே கிடந்தது.

“தம்பி, உங்கப்பா நாலாவதா வர்றார்!” என்று பாய் கத்தினார். உண்மைதான். பின்னால் பத்துப் பேர், எல்லோரும் காலேஜ் பையன்கள். அப்பா ஹேண்டில் பார்மேல் படுத்துக்கொண்டு, அம்பு மாதிரி இறக்கத்தில் வந்தார். முன்னே போன மூவரும் வேகத்தைக் குறைத்துத் திரும்பினார்கள். அப்பா பிரேக்கை அழுத்தினார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கப் பையில் கைவிட்டு, பை காலியாக இருப்பதைக் கண்ட ஆளின் முகம் அவருக்கு வந்தது. மறுபடி அழுத்தினார். சைக்கிள் கண்டுகொள்ளவேயில்லை. நேரே வந்து, பூசணிக்காயின் மேல் ஏறி, வாழைக்கன்றைச் சாய்த்து, பொரி மூட்டைக்குள் புகுந்தது.

சிந்தாமணியில் பொரி மழை பெய்தது. மளிகைக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார்.

“சார், சாமிக்குப் படைச்ச பொரி சார்! காலால மிதிக்கிறீங்களே!”

“நான் எங்கய்யா மிதிக்கிறேன்? படுத்திருக்கேன்” என்றார் அப்பா, பொரிக்குள்ளிருந்து.

பாய் அவரைத் தூக்கி உட்காரவைத்தார். இடது முழங்கைக்குக் கீழே கை ஒரு மாதிரியாகத் திரும்பியிருந்தது. ஃபிரேம் நடுவில் மடங்கியிருந்தது. ரிம்மெல்லாம் பூசணிச் சதை அப்பி, அதன்மேல் பொரி ஒட்டியிருந்தது. எண்ணெயின் அடையாளம் எங்கும் இல்லை. நான் பார்த்தேன். முதலில் பார்த்ததே அதைத்தான்.

சாயங்காலம் மாவுக்கட்டோடு வந்த அப்பாவைப் பார்க்கத் தெருவே கூடியது. “எப்படி சார் ஆச்சு?” என்று யாரோ கேட்டார்கள். அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு, “பூசணிக்காய்” என்றார். என் பக்கம் திரும்பி, “நீ அங்கதானடா நின்ன? பாத்தேல்ல?” என்றார்.

“ஆமாப்பா. பூசணிக்காய்ல ஏறினதுந்தான் வழுக்குச்சு” என்றேன்.

அதிலிருந்து மனுக்கள் தொடங்கின. மளிகைக்கடைக்காரரும் சளைக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு ஒன்றுக்கு இரண்டாக உடைத்தார். “நான் ஒரு பாவமும் பண்ணலீங்க, தினம் கோயிலுக்குப் போறவன்” என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாராம். அவர் சொன்னது சரி என்பது திருச்சியில் எனக்கு மட்டும் தெரியும். அம்மா சிரித்துச் சிரித்து மாய்ந்தாள். நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டோம் என்ற சிரிப்பு.

மாவுக்கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்துப் பாய் வீட்டுக்கு வந்தார். ஃபிரேமை எங்கோ கொடுத்து நிமிர்த்தி வாங்கிவிட்டாராம். “வாங்க சார், மறுபடி பூட்டிரலாம். இந்தத் தடவ நான் வாயே தொறக்கல” என்றார். அப்பா உள்ளே போய், துணி உறை போட்ட ஸ்பேனர் செட்டை எடுத்துவந்து பாயின் கையில் வைத்தார்.

“நீங்களே பூட்டி யாராவது சின்னப் பையனுக்குக் குடுங்க பாய். பிரேக்க மட்டும் நீங்களே பாத்துப் பூட்டுங்க.”

“என்ன சார், பூசணிக்காய்க்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

அப்பா உள்பக்கம் திரும்பினார். அம்மாவைக் கூப்பிட்டு, பாய்க்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தாராள மனசுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் கேட்கும்படி பூசணிக்காயைத் திட்டுகிறவர், அதைத்தான் நம்புகிறார் என்றும் நினைத்தேன். இரண்டு தடவை அழுத்தியும் பிடிக்காத பிரேக் அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அது தன் கை வேலையின் குறை என்று அவர் தனக்குள் முடிவு கட்டிவிட்டார் என்பதோ, நான் எழுந்துபோய் எண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஸ்பேனர்களைத் திரும்ப வாங்கியிருப்பார் என்பதோ எனக்குத் தெரியவில்லை. பாய் காபி குடித்துவிட்டுக் கிளம்பியபோது, ஸ்பேனர் செட்டை அவர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தது நான்தான்.