காலியான தெருவில் ஓர் ஓப்பன் ஹவுஸ்

பட்டணத்திலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, செமினிக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கூறு போட்ட மேட்டில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. பெரிய பங்களாக்கள், நுழைவாயிலில் காவலாளி, வீட்டுக்கு வீடு தோட்டம். பல் டாக்டர், வக்கீல், லோரி கம்பெனி முதலாளி என்று தெருவில் பாதிப் பேர் தமிழர்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தாத்தா பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டத்தை விட்டு ஓடத்தான் குடும்பமே விழுந்து விழுந்து படித்தது. படித்துச் சம்பாதித்த பிறகு, ஜன்னலைத் திறந்தால் பச்சை தெரிய வேண்டும் என்று அடம்பிடித்துத் திரும்ப இங்கேயே வந்திருக்கிறோம். வக்கீல் தன் கொல்லையில் ஒரு பால்மரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார். வருகிறவர்களை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்.

எங்கள் கிராம வாழ்க்கை ஒரு தினுசானது. சேற்றையே பார்க்காத பெரிய ஜீப்புகள் வீட்டுக்கு ரெண்டு நிற்கும். கீரை போடாத வீடு கிடையாது. சமையலுக்குக் கீரை காஜாங் பாசாரில் காசு கொடுத்து வாங்கி வருவதுதான். லோரிக்காரர் ஆசையாக ஆடு வளர்த்தார். அவர் மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்படி வெட்டுவது? பண்டிகைக்கு அவரும் கறிக்கடை வரிசையில் நிற்கிறார்.

இந்த இடத்துக்கு ஆசைப்பட்டவன் நான். பேங்க் வேலையில் ஓய்வு பெற்றதும் நல்ல காற்று வேண்டும் என்று மனைவியை இழுத்து வந்தேன். அவளுக்குப் பட்டணத்தில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்தான் உலகம். அங்கே தீபாவளியன்று கதவைச் சாத்தவே மாட்டோம். காலையில் தொடங்கிச் சனம் வந்துகொண்டே இருக்கும். அந்த ஃப்ளாட்டை விற்க அவள் சம்மதிக்கவில்லை.

"இந்தத் தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு ஆள் வரட்டும், இருக்கேன். வரலன்னா நான் ஃப்ளாட்டுக்கே போயிடறேன். நீங்க உங்க காத்தோட இருங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்கு ஓப்பன் ஹவுஸ், யார் வேண்டுமானாலும் சாப்பிட வரலாம் என்று அறிவித்தாள். மளமளவென்று கைகூப்பும் படங்களும் கட்டை விரல்களும் வந்து விழுந்தன. எல்லோரும் வருகிறார்கள் என்று கணக்குப் போட்டோம். எங்கள் குழுவில் குப்பை லோரி வராத செய்திக்கும் அதே கைகூப்புதான் வரும் என்பது புதிதாக வந்த எங்களுக்கு உறைக்கவில்லை.

தீபாவளி காலை. அண்டாவில் ஆட்டுக்கறி, ஒரு மேசை முழுக்கப் பலகாரம், பட்டுப் புடவையில் மனைவி. பதினொன்றாகியும் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. நுழைவாயில் வரை நடந்தேன். நேப்பாளக் காவலாளி சிரித்தான். "எல்லாரும் பாலிக் கம்போங் லா, அங்கிள்." பண்டிகைக்குச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்களாம்.

ஊரெல்லாம் பண்டிகைக்குப் பட்டணத்திலிருந்து கிராமத்துக்குப் போகும். எங்கள் ஆட்கள் கிராமத்திலிருந்து கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். சீனரும் மலாய்க்காரரும் லீவு கிடைத்ததென்று போர்ட் டிக்சன் கடற்கரையில். பிரிக்ஃபீல்ட்ஸ் சொந்தங்களைக் கூப்பிட்டால், "செமினியா? அங்க ராத்திரியில பன்னி வருமாமே" என்று நழுவினார்கள்.

மனைவி பலகாரத் தட்டுகளை ஒவ்வொன்றாக மூடி வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. நான் ஒளிந்து ஒளிந்து முறுக்கு தின்றேன். அவள் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன். நாலு மணிக்குப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து கறியை டப்பாக்களில் அடைக்க ஆரம்பித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஒரு வண்டி நின்றது. பல் டாக்டர் குடும்பம். கிள்ளானிலிருந்து வரும் வழியெல்லாம் நெரிசலாம். புள்ளைகள் பின்சீட்டில் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன.

டாக்டரின் மனைவி கண்ணாடியை இறக்கினாள். "அக்கா, ஓப்பன் ஹவுஸ் முடிஞ்சிருச்சா? எங்க வீட்ல ஒண்ணும் இல்லக்கா."

"முடியறதாவது? உள்ள வா" என்றாள் மனைவி. அடைத்த டப்பாக்களை அவசரமாகத் திறந்தாள்.

குழுவில் அந்தப் பெண் என்ன எழுதினாளோ, அடுத்து வக்கீல் வந்தார். லோரிக்காரர் தன் அம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தோடு வந்து, ஆட்டுக்கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். நாள் முழுக்கச் சொந்தக்காரர்கள் வீட்டில் அடக்க ஒடுக்கமாகச் சிரித்துக் களைத்த கூட்டம். இங்கே வந்ததும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மாமியார்களைக் குறை பேச ஆரம்பித்தது.

டாக்டரின் மனைவி கொலுசைக் கழற்றி மேசையில் போட்டாள். சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடினாள். "அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு."

"நம்ம வீடு இன்னும் நாலு வாசல் தள்ளி" என்றார் டாக்டர். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

என் மனைவி கரண்டியோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்த ஃப்ளாட்ட வித்துடுங்க" என்று சொல்லிவிட்டு, ரசத்தைச் சூடு பண்ணப் போனாள்.