பச்சைக் காசில் ஒரு சம்மனசு

வேலைக்குப் போகுமுன் டொலறஸ் பஞ்சுக் குச்சியை ஒலிவ் எண்ணெயில் தோய்ப்பாள். சுண்டுவிரல் நகமளவு வெண்கலக் காசை இடது உள்ளங்கையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்ப்பாள். களிம்பு ஏறிப் பஞ்சு பச்சையானதும் நிறுத்திவிடுவாள். ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

லண்டன் செவன் கிங்ஸ் வீட்டுப் பின்வளவைக் கொத்தியபோது மண்ணோடு வந்த காசு. நூலகத்தில் காட்டியபோது ரோமர் காலத்தது என்றார்கள். ஒரு பக்கம் அரசன் தலை. தேய்ந்து மூக்கு மட்டும் மிச்சம். மறுபக்கத்தில் முதலில் ஒரு சிறகு எழும்பியது. பிறகு அதனருகே சிலுவை மாதிரி ஒரு குறி. பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவும்போதும் அவளுக்கு அந்தச் சிறகே நினைவு; தேவதூதரின் சிறகேதான்.

தம்பி பீற்றரின் மனைவி றஜீனா, மன்னாரிலிருந்து ஹவுன்ஸ்லோவுக்கு மகளோடு இருக்க வந்தவள், பார்த்துச் சிரித்தாள்.

“என்ன மச்சாள், காசுக்கு எண்ணெய் வைச்சு முழுக வாக்கிறியளோ?”

“பகிடியை விடு. வடிவாப் பார். காவல் சம்மனசு. ஒரு சின்ன ஆளைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகுது.”

“எங்க கூட்டிக்கொண்டு போகுது?”

டொலறஸ் காசைப் பஞ்சில் பொதிந்து வைத்தாள். பீற்றரைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோய்ப் பதினேழு வருடம், ஒரு தகவலும் இல்லை. நவம்பரில் இறந்தோர் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் உறையில் அம்மா, அப்பா, குஞ்சியம்மா எல்லோரையும் எழுதுவாள், தம்பியை எழுதமாட்டாள். எழுதினால் தானே கொன்ற மாதிரி. இம்முறை அவனை மோட்சத்துக்குக் கூட்டிப்போவதைச் சம்மனசே காட்டுகிறதே என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

உறையைக் கொடுக்கவேண்டிய ஞாயிறுக்கு முதல் நாள் காலை, எண்ணெய் கடைசிப் பச்சையையும் கழற்றியது. சம்மனசின் கை அந்த ஆளின் கையில் இல்லை, தலைமயிரில் இருந்தது. பின்னால் கட்டிய கைகளோடு அவன் முழங்காலில் இழுபட்டான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. எந்தப் பக்கம் சரித்துப் பார்த்தாலும் அது அவளையே பார்த்தது.

செத்தவனைக் கட்டி இழுப்பார்களா? அழிறப்பரால் பெயரைத் தேய்த்தாள், கடதாசி கிழியுமட்டும்.

இறந்தோர் பூசையில் சுவாமியார் பெயர்களை வாசித்தார். அம்மா வந்தாள். அப்பா வந்தார். குஞ்சியம்மாவுக்குப் பிறகு, நிறுத்தாமல், “பீற்றர் லெம்பேட்” என்றார்.

டொலறஸ் நிமிர்ந்தாள். அவள் அழித்த பெயர் பீடத்திலிருந்து கேட்கிறது. பக்கத்தில் றஜீனா கண்ணை மூடியிருந்தாள்.

வாசலில் டொலறஸ் அவளைக் கேட்டாள்: “நீ குடுத்தனியோ?”

“ஓம் மச்சாள்.”

மன்னார்க் கோயிலில் இறந்தோர் பூசையில் அந்தப் பெயரைப் பத்து வருடமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது டொலறசுக்கு அன்றுதான் தெரிந்தது. லண்டனுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.