பஸ் ஓட்ட வந்த பத்து பேர்

கீழே ஓட்டலில் வடை பொரியும் வாசனை மாடிப்படி முழுக்க ஏறி வரும்... மைசூர் அக்ரஹாரத்தில் என் முதல் ஆபீஸ் அது. ஆறு பேர் சேர்ந்து மொபைலுக்கு ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். மலைப்பாதையில் பஸ் ஓட்டும் கேம்.

எனக்கு வந்த வேலைதான் விசித்திரம். கேம் என்றாலே என்னவென்று தெரியாத பத்து பேரைப் பிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நாலு வாரம் ஆட வைத்து, இவர்களுக்கு ஆர்வம் நிற்குமா நிற்காதா என்று எழுதித் தர வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்குவார்கள்.

பத்து பேருக்கு நான் எங்கே போவேன்? எங்கள் தெருக்காரர்களையே கூப்பிட்டேன். காபி, வடை எல்லாம் உண்டு. வாரா வாரம் டாண் என்று வந்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்... "சென்னாகிதே", ரொம்ப நன்றாக இருக்கிறது. நாலாவது வாரமும் ஒருவர்கூட மட்டம் போடவில்லை. ஒன்பது பேருக்கு 'ஆர்வம் உண்டு' என்று சந்தோஷமாக டிக் அடித்தேன்.

பத்தாவது ஆள் என் சித்தப்பா. ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வளைவில் ஹாரன் இல்லை, ஆள் ஏறுவதற்குள் பஸ் கிளம்புகிறது, பிரேக் பிடித்தால் நிற்பதில்லை... வாயைத் திறந்தாலே குறைதான். கடைசியில் என் மேனேஜர் எதிரிலேயே, "எனக்குப் பிடிக்கலைம்மா" என்றார். மானம் போயிற்று. கடுப்பில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதினேன்.

வேலை நிரந்தரமானது. கேமும் வெளியானது. டவுன்லோட் செய்தவர்கள் இரண்டு நாள் ஆடிவிட்டுக் காணாமல் போனார்கள். எங்கள் தெருக்காரர்களோ அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மூன்றே மாதத்தில் ஆபீஸை மூடிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், பிடித்திருக்கிறது என்று சொன்னீர்களே என்று கேட்டேன்.

"அந்த கேமெல்லாம் யாருக்கு கொத்து, யாருக்குத் தெரியும்? நீ கூப்பிட்டு வராம இருக்கறதா? உன் கெலசா நிக்கணுமில்ல..."

கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா, ஒன்றும் புரியவில்லை. என் வேலை நிற்கட்டும் என்றுதான் ஒன்பது பேரும் வந்திருக்கிறார்கள். அதை நான் நம்பியதால்தான் என் வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறேன். யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எங்கே அலுத்துப்போய் நிறுத்தினார்கள் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. யாருக்கும் வடை வாங்கித் தர வேண்டாம். யாரும் எனக்காகப் பொய் சொல்வதும் இல்லை... ஆனாலும் புதிதாக வருகிறவர் நிலைப்பாரா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் தலை சுற்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்து பழைய போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் எங்கள் பஸ்! இத்தனை வருஷமாகத் தினமும் ஓட்டுகிறாராம், சித்தி சொன்னாள். அந்த பிரேக்கைத் திட்டிக்கொண்டேதான்.

"அன்னிக்குப் பிடிக்கலைன்னு சொன்னீங்களே சித்தப்பா?"

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பிடிக்கலைன்னுதாம்மா சொன்னேன். விட்டுடறேன்னு சொன்னேனா?"